'கோ அவுட்' முதல் 'டேக் ஆஃப்' வரை

ஆங்கிலம் படிப்பவர்கள் பலரைப் பயமுறுத்தும் பகுதி 'ஃப்ரேஸல் வெர்ப்ஸ்'. 'கெட்' தெரியும், 'ஆஃப்' தெரியும். இரண்டும் சேர்ந்து 'கெட் ஆஃப்' ஆனால் பஸ்ஸிலிருந்து இறங்கு என்று அர்த்தமாம்! பட்டியல் போட்டு மனப்பாடம் செய்தாலும் பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுகிறது. ஆனால் இந்த இரட்டைச் சொற்களுக்கு ஒரு வரலாறு உண்டு. அது தெரிந்தால் பாதி பயம் போய்விடும்.

ஆயிரம் வருடங்களுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில், திசையைக் காட்டும் சின்னச் சொல் பெரும்பாலும் வினைக்கு முன்னால் வந்தது. வெளியே போவதற்கு 'ஊட்கான்' என்றார்கள். 'ஊட்' என்றால் வெளியே, 'கான்' என்றால் போதல். காலப்போக்கில் சின்னச் சொல் வினைக்குப் பின்னால் நகர்ந்தது. அதுதான் இன்றைய 'கோ அவுட்'. இங்கிலாந்தில் குடியேறிய வைக்கிங்குகளின் நார்ஸ் மொழியும் இந்த மாற்றத்துக்கு உதவியது என்பது அறிஞர்கள் சிலரின் கருத்து.

1066-இல் பிரான்சின் நார்மண்டியிலிருந்து வந்தவர்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். அரசவையில் பிரெஞ்சு மொழி ஏறி உட்கார்ந்தது. 'என்டர்', 'டிபார்ட்', 'ரிடர்ன்' எல்லாம் பிரெஞ்சு வழியாக வந்த சொற்களே. ஆனால் சாதாரண ஜனங்கள் 'கோ இன்', 'கோ அவுட்', 'கம் பேக்' என்பதை விடவில்லை. இன்றும் ரயில் நிலைய அறிவிப்புப் பலகையில் 'டிபார்ச்சர்'. வீட்டில் பேசும்போது 'செட் ஆஃப்'. பொருள் ஒன்றுதான். ஒன்று அரண்மனைச் சொல், இன்னொன்று தெருச் சொல்.

புத்தகத்தில் மட்டும் ஆங்கிலம் படித்தவர், யாராவது பேச்சுவாக்கில் 'செட் ஆஃப்' என்றதும் விழிப்பது இதனால்தான். அவருக்கு மூளை இல்லை என்று அர்த்தமில்லை. தெருச் சொல்லை யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான்.

இந்தக் கஷ்டம் புதிதல்ல. 1755-இல் வெளியான தன் அகராதியின் முன்னுரையிலேயே சாமுவேல் ஜான்சன், அந்நிய நாட்டினருக்கு இவை மிகவும் சிரமம் தருகின்றன என்று குறிப்பிட்டார். அங்கே 'டேக் ஆஃப்' என்பதற்கு அவர் தந்த பொருள் நகலெடுப்பது! 1903-இல் ரைட் சகோதரர்களின் விமானம் பறந்தது. இன்று 'டேக் ஆஃப்' என்றாலே விமானம் கிளம்புவதுதான் நினைவுக்கு வருகிறது. 'புல் அப்' கதையும் சுவாரஸ்யமானது. கடிவாளத்தை இழுத்துக் குதிரையை நிறுத்துவது அது. குதிரை போய் கார் வந்தது. சொல் மட்டும் மாறவில்லை.

இத்தனை பழைய சங்கதிக்கு 'ஃப்ரேஸல் வெர்ப்' என்ற பெயர் அச்சில் வந்தது 1925-இல், லோகன் பியர்சால் ஸ்மித் எழுதிய நூலில். பெயரைச் சொல்லித் தந்தவர் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான ஹென்றி பிராட்லி.

சரி, எப்படிப் புரிந்துகொள்வது? தமிழில் ஏறு, இறங்கு, நுழை, திரும்பு என்று திசை வினைக்குள்ளேயே இருக்கிறது. ஆங்கிலத்தில் திசை பெரும்பாலும் பின்னால் வரும் சின்னச் சொல்லில் இருக்கிறது. 'செட் ஆஃப்', 'கெட் ஆஃப்', 'டிராப் ஆஃப்', 'சீ ஆஃப்' நான்கிலும் 'ஆஃப்' சொல்வது ஒன்றே: விலகுதல். கிளம்புவது, இறங்குவது, இறக்கிவிடுவது, வழியனுப்புவது. எல்லா ஃப்ரேஸல் வெர்ப்களுக்கும் இது பொருந்தாது. பயணச் சொற்களில் நிறையவே பொருந்தும்.

எனவே நண்பர்களே, தலையை விட்டுவிட்டு முதலில் வாலைப் பாருங்கள்!