சுவரில் ஒட்டிய தாள்

1801 ஜூன் 16. திருச்சிக் கோட்டைக்குள் ஆற்காட்டு நவாபின் அரண்மனை வாசலில் ஒரு தாள் ஒட்டப்பட்டிருந்தது. காவிரிக்கு அப்பால் ஸ்ரீரங்கம் பெரிய கோயில் மதிலில் இன்னொன்று.   இரண்டு தாள்களிலும் மருது பாண்டியன் பெயர் இருந்தது; சிவகங்கையின் மருது சகோதரர்களில் இளையவர், சின்ன மருது. கிழக்கிந்தியக் கும்பெனிப் படை தங்கியிருந்த ஊரில், ஜனம் அதிகம் நடமாடும் இரண்டு இடங்களைப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

ஜம்புத் தீவு என்று அது அழைத்த இந்த நாட்டில் வாழும் எல்லாச் சாதியாருக்கும், பிராமணர் முதல் முசல்மான்கள் வரை, அந்தத் தாள் முறையிட்டது. நவாப் முகமது அலி வெள்ளையரை நம்பி இடம்கொடுத்தார், இன்று நாடே அவர்கள் கையில், உண்ணும் சோறும் கஞ்சியாகிவிட்டது, இனியாவது சேர்ந்து எழுங்கள் என்றது. தன்னைப் பற்றியும் அதற்கு இரண்டு கட்டளைகள் இருந்தன. வாசிப்பவர் படியெடுத்து நாலு பேருக்கு அனுப்ப வேண்டும். சுவரிலிருந்து கிழிப்பவனுக்குப் பஞ்சமாபாதகம் சேரும்.

அதில் இன்னொரு வாசகமும் உண்டு. மேடைகளில் இதைப் பலர் தாண்டிப் போகிறார்கள். நான் தாண்ட விரும்பவில்லை. வெள்ளையரை எங்கே கண்டாலும் அழியுங்கள், பூண்டோடு ஒழியும்வரை விடாதீர்கள் என்கிறது தாள். சிப்பாய் என்றோ வியாபாரி என்றோ பிரிக்கவில்லை. நாட்டைப் பறிகொடுத்தவனின் ஆத்திரம் எனக்குப் புரிகிறது. ஆனால் இன்றைய போர்ச்சட்டம் முதலில் தடுக்கும் வாசகமும் அதுதான்.

தாள் கும்பெனிக்காரர்களிடம் போய்ச் சேர்ந்தது. ஆங்கிலமாக்கப்பட்டுச் சென்னை அரசின் ஆவணங்களில் ஏறியது. அதே ஆண்டு ஜூலையில் அப்போதைய நவாப் உம்தத்துல் உமரா இறந்தார். மாதம் முடிவதற்குள் நவாபின் கர்நாடக ஆட்சி முழுவதும் ஒப்பந்தம் என்ற பெயரில் கும்பெனிக்குப் போனது. நவாபின் வாசலில் ஒட்டிய தாள் எதை எண்ணி அஞ்சியதோ அது ஆறே வாரத்தில் நடந்துவிட்டது.

பிறகு வந்த பதிலடியை நாள்வரிசையில் பார்க்க வேண்டும். அக்டோபர் 1ஆம் தேதி மருது சகோதரர்களின் காளையார்கோயில் விழுந்தது. அந்த மாதமே சகோதரர்கள் பிடிபட்டார்கள். 24ஆம் தேதி திருப்பத்தூர்க் கோட்டையில் இருவரும் தூக்கிலிடப்பட்டார்கள். அவர்கள் குடும்பத்து ஆண்கள் பலரும் தப்பவில்லை. நவம்பர் 16 அன்று பாஞ்சாலங்குறிச்சியில் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையும் தூக்கிலிடப்பட்டார். டிசம்பர் 1ஆம் தேதி கவர்னர் எட்வர்ட் கிளைவ் தன் பங்குக்கு ஒரு பிரகடனம் வெளியிட்டார்: ஆயுதங்களை ஒப்படையுங்கள், கோட்டைகள் இடிக்கப்படும். 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து அட்மிரல் நெல்சன் என்ற கப்பல் 73 பேரை ஏற்றிக்கொண்டு பினாங்குக்குப் புறப்பட்டது. சிவகங்கை அரசர் வேங்கன் பெரிய உடையத்தேவர் அதில் இருந்தார். சின்ன மருதுவின் மகன் துரைசாமியும் இருந்தான். மீசை அரும்பும் வயது.

சண்டை முடிந்தது அக்டோபரில். கப்பல் கிளம்பியது பிப்ரவரியில். இந்த இடைவெளிதான் என்னைத் தொந்தரவு செய்கிறது.

ஏனென்றால் போரில் பதிலடி என்பதற்குச் சட்டம் ஓர் அளவு வைத்திருக்கிறது. எதிரி விதியை மீறினால், அவனை விதிக்குள் திரும்பக் கொண்டுவருவதற்காக மட்டும், வேறு வழியே இல்லாதபோது, முன்கூட்டி எச்சரித்துவிட்டு, அவன் செய்ததற்கு மேல் போகாமல், நீயும் ஒரு விதியை மீறலாம். அவன் நிறுத்தினால் நீயும் நிறுத்த வேண்டும். அமெரிக்க உள்நாட்டுப் போரின் நடுவே 1863இல் எழுதப்பட்ட லீபர் விதித்தொகுப்பே, வெறும் வஞ்சம் தீர்க்க இதைக் கையாளக் கூடாது என்று சொல்லிவிட்டது. 1914இல் அங்கோலாவின் நவுலிலா என்ற போர்த்துக்கீசியக் காவல்நிலையத்தில் ஒரு குழப்பத்தால் ஜெர்மானியர் சிலர் கொல்லப்பட, ஜெர்மன் படை அதற்காகப் பல நிலையங்களைத் தாக்கியது. முதலில் பரிகாரம் கேட்கவில்லை, அடித்த அடிக்கும் அளவில்லை என்று 1928இல் நடுவர் மன்றம் ஜெர்மனியைப் பொறுப்பாக்கியது.

இந்த அளவுகோலில் திருப்பத்தூரும் பினாங்கும் பதிலடியே ஆகாது. தோற்றவனை எதிலிருந்து தடுக்க அந்தக் கப்பல்? தகப்பன் ஒட்டிய தாளுக்குப் பிள்ளை எப்படிப் பொறுப்பு? ஆனால் இப்படிக் கேட்கவே கும்பெனி இடம் வைக்கவில்லை. அதன் கணக்கில் மருது எதிரி அல்லர், கலகக்காரர். எதிரிக்குத்தான் போர்முறை, கலகக்காரனுக்குக் கயிறு. உலகத்தின் பாதி பேரை நூறு ஆண்டுகளுக்கு மேல் சட்டத்துக்கு வெளியே நிறுத்தி வைத்தது இந்த ஒரே பாகுபாடுதான்.

1949இல் அந்தக் கதவு கொஞ்சம் திறந்தது. நான்கு ஜெனீவா உடன்படிக்கைகளுக்கும் பொதுவான மூன்றாம் பிரிவு, நாட்டுக்குள் நடக்கும் ஆயுதச் சண்டையிலும் பிணை பிடிப்பதையும், முறையான நீதிமன்றத் தீர்ப்பின்றிக் கொல்வதையும் தடுக்கிறது. நான்காம் உடன்படிக்கையின் 33ஆம் பிரிவு, ஒருவர் தான் செய்யாத குற்றத்துக்குத் தண்டிக்கப்படக் கூடாது என்கிறது. கூட்டுத் தண்டனையும், அந்த உடன்படிக்கை காக்கும் மக்கள்மீது பதிலடியும் கூடாது என்கிறது. 1950இல் இந்தியா இவற்றை ஏற்று, 1960இல் தனிச் சட்டமும் இயற்றியது. குடிமக்கள்மீது பதிலடியை இன்னும் விரிவாகத் தடுக்கும் 1977ஆம் ஆண்டின் முதல் கூடுதல் நெறிமுறையில் இந்தியா சேரவில்லை. சேர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

சின்ன மருதுவிடம் வேலெறியவும் வளரி வீசவும் கற்றுக்கொண்ட ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கும்பெனி அதிகாரி, அவரையே வேட்டையாடிய படையிலும் இருந்தார். 1818இல் பினாங்கில் துரைசாமியைச் சந்தித்ததையும் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதினார். வென்ற பக்கத்து மனிதர் வருத்தத்தோடு எழுதியதால்தான் நாடு கடத்தப்பட்ட அந்த வாழ்க்கையில் கொஞ்சமாவது நமக்குத் தெரிகிறது.

தாளும் எதிரியின் கையால்தான் பிழைத்தது. படியெடுங்கள் என்ற மருதுவின் கட்டளையைக் கும்பெனிக் குமாஸ்தாக்கள் சிரத்தையாக நிறைவேற்றியிருக்கிறார்கள். பேராசிரியர் கே. ராஜய்யன் சென்னை அரசின் பழைய ஆவணங்களைத் துருவி, 1971இல் தென்னிந்தியக் கிளர்ச்சி பற்றி எழுதிய நூலில் இந்தப் பிரகடனத்துக்கு உரிய இடத்தைக் கொடுத்தார். 1857க்கு அரை நூற்றாண்டு முன்பே முதல் விடுதலைப் போர் இங்கே நடந்தது என்பது அவர் வாதம்.

இன்று பள்ளிப் பாடத்தில் தாளுக்குச் சில வரிகள் கிடைத்திருக்கின்றன. அது போதாது. முழுத் தாளையும், அழியுங்கள் என்ற வாசகத்தோடு சேர்த்தே, பிள்ளைகள் வாசிக்க வேண்டும். அதன் பக்கத்தில் கிளைவின் டிசம்பர் பிரகடனத்தையும், கப்பலில் ஏற்றப்பட்ட 73 பேரின் பட்டியலையும், 33ஆம் பிரிவையும் வைத்துப் பாடம் நடத்த ஒரு வகுப்புக்கு ஒரு மணி நேரம் ஆகும். திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் இருக்கும் வரலாற்று ஆசிரியர்கள் இதைத் தொடங்கலாம். ஜூன் 16 பள்ளி திறந்திருக்கும் காலம்தான்.