ஊவாத் தோட்டங்களில் கூட்டெரு

பதுளைப் பகுதித் தோட்டங்களில் மண்ணுக்கு எரு இடும் வழக்கம் தேயிலைக்கு முந்தியது. 19ஆம் நூற்றாண்டில் ஊவாச் சரிவுகளில் காடழித்துக் கோப்பி நட்டபோது மேல்மண் மழையில் அரித்தோடியது. அதை ஈடுசெய்யத் தோட்டங்களில் மாட்டுப்பட்டிகள் அமைந்தன. தீனிக்குக் கினிப்புல் வளர்த்தனர். தொழுவில் பரப்பிய மானாப்புல் சாணத்திலும் மூத்திரத்திலும் ஊறி எருவாயிற்று. கோப்பிப்பழத் தோலும் அதில் சேர்ந்தது. மட்கிய எருவைத் தொழிலாளர் சுமந்து மலையேறினர்.

1869இல் மடுல்சீமையில் கோப்பி இலைத்துரு நோய் கண்டறியப்பட்டது. இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி நின்ற இடங்களைப் பெரும்பாலும் தேயிலை பிடித்தது. ஆண்டு முழுவதும் கொழுந்து பறிப்பதால் தேயிலை மண்ணின் நைதரசனைத் தொடர்ந்து இழுக்கும். அத்தனை மலைக்கும் மாட்டெரு போதாது.

குறைந்த சாணத்தில் நிறைய எரு செய்யும் முறையை ஆல்பர்ட் ஹோவர்ட் இந்தூரில் உருவாக்கி, யஷ்வந்த் வாட்டுடன் சேர்ந்து 1931இல் நூலாக்கினார். தழைக்கழிவு மூன்று பங்கு, சாணம் ஒரு பங்கு என அடுக்கி, மண்ணும் சாம்பலும் தூவி, ஈரம் காயாமல் காத்து, இடையிடையே புரட்டினால் ஏறக்குறைய மூன்று மாதத்தில் எரு ஆயத்தமாகும். நுண்ணுயிர்களின் வேலையால் குவியலின் உள்ளே 60 பாகை செல்சியஸ் வரை சூடேறும். களைவிதைகள் பலவும் அதில் மடியும். தோட்டங்களில் இதற்கான தழைக்குப் பஞ்சமில்லை: நிழல்மரக் கிளைகள், மானாப்புல், காட்டுச் சூரியகாந்தி. கவ்வாத்து மிலாறு மட்டும் தடித்தது. நறுக்காமல் இட்டால் எளிதில் மட்காது. ஆனி முதல் புரட்டாதி வரை ஊவாவில் வறண்ட காற்று வீசுவதால் அப்போது குழியும், மழைக்காலத்தில் நிலத்தின்மேல் குவியலும் பொருந்தும்.

ஆயினும் மூட்டைப் பசளை வந்தபின் கூட்டெரு பின்தங்கியது. 50 கிலோ யூரியாவில் 23 கிலோ நைதரசன் உண்டு. நூற்றுக்கு ஒரு பங்கு நைதரசன் உள்ள கூட்டெருவில் அதே அளவைப் பெற 2,300 கிலோவைச் சரிவில் ஏற்ற வேண்டும். 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது இந்தக் கணக்கு நாட்டுக்கே உறைத்தது. நவம்பரில் தடை விலக்கப்பட்டது. அப்புத்தளை அருகே இதல்கஸ்ஹின்னைத் தோட்டம் 1980களிலேயே சேதன முறைக்கு மாறியிருந்தது. ஆனால் அது ஒரே ஆண்டில் நிகழ்ந்த மாற்றமன்று.

லயத்துப் பின்புற வீட்டுத்தோட்டத்தில் இந்தச் சுமை இல்லை. சாணமும் சமையற்கழிவும் அடுப்புச் சாம்பலும் அங்கேயே கிடைக்கின்றன. எருக்குழிக்கும் போஞ்சிப் பாத்திக்கும் இடையே சில அடி தூரம்தான்.