கல்பிரிட் என்ற சொல் பிறந்த கதை

நான் பிரெஞ்சு வழியில் படித்து, புதுச்சேரி அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். இந்த இரண்டுக்கும் தொடர்புள்ள ஒரு விஷயத்தை இன்று எழுதுகிறேன்.

1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, அந்நாட்டு நீதிமன்றங்களில் பிரெஞ்சு புகுந்தது. 1362-இல், ஆங்கிலத்திலேயே வாதாட வேண்டும் என்று சட்டம் வந்தது. ஆனாலும் வக்கீல்கள் பழைய சொற்களை விடவில்லை. நீதிமன்றச் சேவகர் அமைதி கோரி 'ஒயெஸ்' என்று மூன்று முறை கூவுவார். பழைய பிரெஞ்சில் அதற்குக் 'கேளுங்கள்' என்று பொருள். ஆங்கிலேயர் காதில் அது 'ஓ யெஸ்' என்று விழுந்தது. இதில் யாருக்கும் நட்டமில்லை.

'கல்பிரிட்' கதை அப்படியல்ல. கைதி 'நான் குற்றவாளி அல்ல' என்றதும், அரசுத் தரப்பு எழுத்தர் பிரெஞ்சில் பதில் சொல்வார்: 'குற்றவாளியே, நிரூபிக்கத் தயார்.' குற்றவாளிக்கு 'கல்பாபிள்', தயார் என்பதற்கு 'பிரிஸ்ட்' அல்லது 'பிரிட்'. (இன்றைய பிரெஞ்சில் 'ப்ரே' என்கிறோம்.) பதிவேட்டில் இதைச் சுருக்கி 'கல். பிரிட்' என்று எழுதினார்கள். எழுத்தர்களுக்கு எந்தக் காலத்திலும் கை வலி உண்டு! பின்னால் வந்தவர்களுக்குப் பிரெஞ்சு தெரியவில்லை. இரண்டையும் சேர்த்து, கைதியை அழைக்கும் ஒரே சொல்லாக வாசித்துவிட்டார்கள். அகராதிகள் தரும் விளக்கம் இதுதான்.

1678-இல் பெம்புரோக் பிரபு மீது நடந்த கொலை வழக்கில், 'கல்பிரிட், எம்முறையில் விசாரிக்கப்பட விரும்புகிறீர்?' என்ற பொருளில் கேட்டது பதிவாகியிருக்கிறது. தீர்ப்பு அல்ல, விசாரணையே தொடங்காத நேரம் அது. முதலில் அந்தச் சொல் குற்றம் சாட்டப்பட்டவரை மட்டும் குறித்தது. லத்தீனில் 'குல்பா' என்றால் குற்றம். அந்த ஒலி ஒற்றுமையால் காலப்போக்கில் 'குற்றம் செய்தவன்' என்றே ஆகிவிட்டது. நீதிமன்றங்களில் பிரெஞ்சையும் லத்தீனையும் நீக்க 1731-இல் சட்டம் செய்தார்கள். 1733-இல் அது நடைமுறைக்கு வந்தது. இந்தச் சொல் மட்டும் போகவில்லை.

அவர்களுக்காவது அந்தப் பாஷை புரியவில்லை. நமக்குத் தமிழ் புரியும். இருந்தும் ஒருவர் கைதான மறுநாளே 'குற்றவாளி பிடிபட்டார்' என்று எழுதுகிறோம், பேசுகிறோம். 'குற்றம் சாட்டப்பட்டவர்' என்பது நீளமான சொல்தான். தீர்ப்பு வரும்வரை அந்த நீளத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருப்பார்கள்.