கால்சட்டை அகலமும் ஜாஸ் இசையும்: சோவியத் ஸ்தில்யாகிகளின் வரலாறு

இரண்டாம் உலகப் போர் முடிந்த சில ஆண்டுகளுக்குள் மாஸ்கோ, லெனின்கிராத் நகரங்களின் நடனக் கூடங்களில் தலைகாட்டத் தொடங்கிய, அமெரிக்க ஜாஸ் இசையில் மயங்கி உடையிலும் நடையிலும் தம்மைத் தனித்துக் காட்டிக்கொண்ட இளைஞர்களைச் சோவியத் பத்திரிகைகள் ‘ஸ்தில்யாகி’, அதாவது பகட்டுக்காரர்கள், என்று ஏளனமாக அழைத்தன. அவர்கள் அரசை எதிர்த்துச் சங்கம் கூட்டியவர்கள் அல்லர். ஆயினும் பத்தாண்டுகளுக்கும் மேலாக அவர்கள் மீது வெறுப்பு காட்டப்பட்டது.

ஜாஸ் மீதான ஐயம் அதற்கு முன்பே வேரூன்றியிருந்தது. தமிழ் வாசகர்கள் ‘தாய்’ நாவல் வழியாக அறிந்த மாக்சிம் கார்க்கி, 1928 ஏப்ரலில் ‘பிராவ்தா’ நாளிதழில் எழுதிய கட்டுரையில், அவ்விசையைக் கொழுத்தவர்களின் இசை என்று சாடியிருந்தார். போர்க்காலத்தில் அமெரிக்கா நேச நாடாக இருந்ததால் இக்கண்டனம் அடங்கிக் கிடந்தது; அமெரிக்க ஜாஸ் கலைஞர் கிளென் மில்லர் குழுவினர் நடித்த ‘சன் வேலி செரினேட்’ படம் சோவியத் திரையரங்குகளிலேயே ஓடியது. பனிப்போர் மூண்டதும் காற்று திசைமாறிற்று. போர்க்காலத்தில் கொண்டாடப்பட்ட ஜாஸ் இசைக்கலைஞர் எடி ரோஸ்னர் 1946இல் கைதாகி, 1954 வரை சிறைமுகாமில் கிடந்தார். இசைக்குழுக்களிலிருந்து சாக்சபோன் ஒதுக்கப்பட்டது.

வெறுப்புக்கு உருவம் கொடுத்தது ‘க்ரொகொதீல்’ என்ற நையாண்டி இதழ்தான். 1949 மார்ச்சில் அதில் வெளிவந்த பெல்யாயெவ் என்ற எழுத்தாளரின் சொற்சித்திரம், மாணவர் நடன விழாவில் நுழையும் ஓர் இளைஞனைத் தலை முதல் கால் வரை அளந்து காட்டுகிறது: முதுகு செம்மஞ்சளும் கைகள் பச்சையுமான மேற்சட்டை, மஞ்சள் பாய்ந்த மிக அகன்ற கால்சட்டை, கறுப்புத் தோலும் சிவப்பு மெதுதோலும் கலந்து தைத்த காலணி. இங்கே ஒன்று கவனிக்கத்தக்கது. 1949இல் கால்சட்டையின் அகலம் குற்றமாகச் சொல்லப்பட்டது. சில ஆண்டுகளில் நவநாகரிகம் மாறி, ஸ்தில்யாகிகள் குழாய்போல் ஒட்டிய கால்சட்டைக்கும் ‘ரவைக்கஞ்சி’ என்று கேலிப்பெயர் பெற்ற தடித்த அடிப்பாகமுடைய காலணிக்கும் மாறியபோது, அதே பத்திரிகையுலகம் கால்சட்டையின் குறுக்கத்தைக் குற்றமாகச் சொன்னது. அளவு எதுவாயினும் அது பொது அளவிலிருந்து விலகியிருந்ததே பிழையாகக் கருதப்பட்டது.

இந்த வெறுப்பை அரசு மட்டுமே மேலிருந்து திணித்தது என்று கொள்வது அரைகுறை விளக்கமாகும். போரில் கோடிக்கணக்கானோர் மாண்டிருந்தனர். திரும்பிவந்தவர்களுள் பலர் பழைய படைமேலங்கியையே அணிந்து கல்லூரிக்கும் ஆலைக்கும் சென்றனர். அத்தகைய நாட்டில் வண்ணத் துணி தேடித் தைத்துக்கொண்டு, நகரின் முதன்மைச் சாலைக்குத் தாமாகவே ‘பிராட்வே’ என்று பெயரிட்டு அதில் உலாவிய இளைஞர்களைக் கண்டு, பலருக்கு எரிச்சல் மூண்டது இயல்பே. அவர்களுள் உயர் அதிகாரிகளின் பிள்ளைகள் சிலர் இருந்ததும் அந்த எரிச்சலுக்கு நெய் வார்த்தது.

கொம்சொமோல் எனப்பட்ட இளங்கம்யூனிஸ்ட் கழகத்தின் தொண்டர் குழுக்கள் 1950களின் நடுப்பகுதியிலிருந்து தெருக்களையும் நடனக் கூடங்களையும் சுற்றிவந்து, பிடிபட்டவர்களின் நீண்ட முடியையும் ஒட்டிய கால்சட்டையையும் கத்தரித்தன. கத்தரிக்கோல் பிடித்தவர்களும் பெரும்பாலும் அதே வயதினர் என்பதால், இதனை முதியோர் இளையோர் பூசல் என்று சொல்லிவிட இயலாது.

ஜாஸ் இசைத்தட்டு கடையில் கிடைக்காதபோது அதற்கொரு கள்ளத்தொழில் பிறந்தது. மருத்துவமனைகள் கழித்த எக்ஸ்ரே படலங்களை வாங்கி, வட்டமாக வெட்டி, நடுவில் சிகரெட் நுனியால் துளையிட்டு, கையால் செய்த பதிவு இயந்திரத்தில் ஒரு பக்கம் மட்டும் வரிபதித்து விற்றனர். விளக்கொளியில் பிடித்தால் விலா எலும்புகள் தெரிந்ததால் இவற்றுக்கு ‘விலாவின் மேல் இசை’ என்று பெயர் வந்தது; ஒலி கரகரத்தது, சில முறை ஓடியதும் தட்டு தேய்ந்துபோயிற்று. லெனின்கிராத்தில் இத்தொழிலில் தேர்ந்த ருஸ்லான் பொகொஸ்லோவ்ஸ்கி 1950இல் கைதானார். ஸ்டாலின் மறைவுக்குப் பின் விடுதலையாகி, மீண்டும் அதே தொழிலுக்குத் திரும்பி, மீண்டும் சிறை சென்றார்.

1957 கோடையில் மாஸ்கோவில் நடந்த உலக இளைஞர் விழாவுக்கு ஆயிரக்கணக்கான வெளிநாட்டினர் வந்து, ஜாஸ் குழுக்கள் வெளிப்படையாக வாசித்தபின், பழைய நையாண்டியின் கூர் மழுங்கியது. 1962 மே மாத இறுதியில் அமெரிக்கக் கிளாரினெட் கலைஞர் பென்னி குட்மன் அரசின் விருந்தினராக வந்து மாஸ்கோவில் வாசித்தபோது, அவையில் சோவியத் தலைவர் குருஷ்சேவே அமர்ந்திருந்தார். ஆனால் உழைக்காமல் திரிபவர்களை ‘ஒட்டுண்ணிகள்’ என்று தண்டிக்கும் சட்டத்தை ரஷ்யக் குடியரசு அதற்கு முந்தைய ஆண்டில்தான் இயற்றியிருந்தது. இசையை அரசு ஏற்றுக்கொண்டதே தவிர, அதற்காகத் தண்டிக்கப்பட்டவர்களை ஏற்கவில்லை.