வளைந்த கால்கள்

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பேரன் அழாத குறையாக என் அறைக்கு வந்தான். "தாத்தா, பிராசசர் காலெல்லாம் வளைஞ்சு போச்சு. அப்பாகிட்ட சொல்லிடாதீங்க."

தூசு தட்ட விசிறியைக் கழற்றியிருக்கிறான். நடுவில் பூசியிருந்த பசை இறுகிப்போய், பிராசசரும் சாக்கெட்டிலிருந்து கூடவே பிடுங்கிக்கொண்டு வந்து கீழே விழுந்துவிட்டது. ஏ.எம்.டி.யின் ஏ.எம்.4 வகை. மொத்தம் 1331 கால்கள். ஓர் ஓரத்தில் ஏழெட்டு சாய்ந்திருந்தன.

இத்தனை கால்கள் ஒரே நாளில் முளைக்கவில்லை. 1971-இல் இன்டெல் வெளியிட்ட 4004-க்கு 16 கால்கள்தான். மறு ஆண்டு வந்த 8008-க்கு 18. அதை வைத்துத்தான் 1973-இல் பிரான்சில் பிரான்சுவா ழெர்நெல் 'மிக்ரால்' என்ற சிறு கம்ப்யூட்டரைச் செய்தார். பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன், இதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. சில்லுக்குப் பிரெஞ்சில் 'ப்யூஸ்' என்று பெயர். தெள்ளுப்பூச்சி என்று அர்த்தம். நம் வீட்டில் அடிக்கடி போகிற ஃபியூஸ் அல்ல!

1978-இல் வந்த 8086-க்கு 40 கால்கள், பூரான் மாதிரி இரு பக்கமும். பிறகு ஓரம் போதாமல் அடிப்பக்கம் முழுக்க ஊசிகளை நட்டார்கள். 1985-இன் 386-க்கு 132. 1989-இன் 486-க்கு 168. அத்தனையையும் ஒரே அழுத்தில் இறக்கக் கைபலம் வேண்டும். கோணலாக அழுத்தினால் கால் மடங்கும். அப்புறம்தான் நெம்புகோல் வைத்த சாக்கெட் பரவலானது. 2004-இல் இன்டெல் சாதாரண மேசைக் கணினிகளில் கால்களைச் சில்லிலிருந்து எடுத்துவிட்டு, சாக்கெட்டிலேயே 775 முனைகளை வைத்தது. ஏ.எம்.டி. அந்த வழிக்கு வந்தது 2022-இல்தான்.

எங்கள் அலுவலகத்துக்குத் தொண்ணூறுகளில் ஒரு 486 வந்தது. பழுது பார்க்க வந்த ஆள் சில்லை எடுத்துத் திரும்ப அழுத்தியபோது கால்கள் மடங்கின. என் கண்ணெதிரே நடந்தது. அவரோ, பெருக்க வந்த அட்டெண்டர் மேசையை இடித்துவிட்டார் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அட்டெண்டருக்கு மெமோ, சம்பளத்தில் பிடித்தமும். 'நமக்கெதற்கு வம்பு' என்று நான் வாயைத் திறக்கவில்லை.

ஞாயிறன்று மைக்ரோடிப் பென்சிலை எடுத்தேன். பள்ளியில் இதைப் 'போர்த்-மீன்' என்போம். மீனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கரியை எடுத்துவிட்டு, முனைக் குழாயை வளைந்த காலில் செருகி, கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தினேன். முன்னும் பின்னும் ஆட்டக்கூடாது, ஒடிந்துவிடும். பூதக்கண்ணாடியில் வரிசை நேராகத் தெரிகிறதா என்று பக்கவாட்டில் பார்க்க வேண்டும். ஒரு மணி நேரம் ஆயிற்று. கடைசியில் சில்லு அழுத்தாமலே சாக்கெட்டில் இறங்கியது. கம்ப்யூட்டரும் ஓடியது. இனிமேல் கழற்றும் முன் கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பசையை இளக்கி, விசிறியை மெல்லத் திருகி எடு என்று சொல்லிக் கொடுத்தேன்.

"அப்பாகிட்ட நீயே சொல்லிடு. திட்டினா நான் பக்கத்துல நிக்கிறேன்" என்றேன். சொன்னான்.

அந்த அட்டெண்டர் இப்போது உயிரோடு இல்லை. அவர் பிள்ளைகள் யாராவது இதைப் படிக்க நேர்ந்தால்: அன்று அந்தக் கால்களை வளைத்தது உங்கள் அப்பா இல்லை. நான் பார்த்தேன்.