நிலத்தூணும் அதிரும் மண்ணும்

பிழைப்பின் பொருட்டுப் பெங்களூருக்கு வரும் தமிழர் பலர் முதன்முதலில் கால் பதிக்கும் இடம் மெஜஸ்டிக் பேருந்து நிலையம். அங்கே ஒரு காலத்தில் தர்மாம்புதி என்னும் ஏரி இருந்தது. கண்டீரவ விளையாட்டரங்கம் எழுந்துள்ள இடமோ சம்பங்கி ஏரியின் படுகை. இந்நகரின் அடியில் மிகத் தொன்மையான பாறை உண்டு. ஆகவே நிலநடுக்கம் நமக்கில்லை என்று பலரும் நிம்மதியாக இருந்தனர். 2002ஆம் ஆண்டின் இந்தியத் தர விதியும் பெங்களூரை அபாயம் மிகக் குறைந்த இரண்டாம் மண்டலத்தில்தான் சேர்த்தது. பாறை உறுதியானதே. அதற்கும் கட்டடத்துக்கும் இடையே கிடக்கும் மண் எத்தகையது என்பதுதான் கேள்வி.

மேல்மண் நெகிழ்ந்திருக்கும் இடங்களில் ஆழமாகத் தூண்களை இறக்கி, அவற்றின் தலைமேல் கட்டடத்தை எழுப்புவர். கட்டடத் தொழிலாளர் இவற்றைப் ‘பைல்’ என்பர். நாம் நிலத்தூண் என்போம். அசையாத சுமையை இத்தூண் தாங்குமா என்று கணக்கிடுவது அத்துணைக் கடினமன்று. நிலமே அசையும்போது தூண் மண்ணைத் தள்ளுகிறது. மண்ணும் தூணைத் தள்ளுகிறது. எது எதை ஆட்டுகிறது என்று பிரித்துச் சொல்வதே அரிது.

இக்கணக்கின் வரலாறு ரயில் தண்டவாளத்தில் தொடங்குகிறது. 1867இல் எமில் விங்க்ளர் என்னும் பொறியாளர், தண்டவாளத்தின் அடியில் உள்ள நிலத்தை வரிசையாக அடுக்கிய சுருள்விற்களாகப் பாவித்தார். எளிய கற்பனை, இன்றும் பொறியாளர் கைவிடாத கற்பனை. ஆயினும் அதில் ஒரு குறை உண்டு. ஒரு வில் அமுங்கினால் பக்கத்து வில்லுக்கு அது தெரியாது. மெய்யான மண்ணோ தன் அசைவை அக்கம்பக்கத்துக்கு அலையாக அனுப்பிவிடும். 1936இல் எரிக் ரைஸ்னர், நிலத்தின்மேல் அதிரும் ஒரு வட்டத் தகட்டைக் கணித முறையில் ஆராய்ந்து, அதிர்வின் ஆற்றல் அலைகளாய் வெளியேறுவதைக் காட்டினார். ஆட்டுவதற்கு ஒரு வில் மட்டும் போதாது, ஆட்டத்தை அடக்கும் ஓர் உறுப்பும் கணக்கில் வேண்டும் என்பது இதனால் தெளிவாயிற்று.

இவ்விடத்தில் என் தொழிலில் நேர்ந்த பிழை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் மொழிபெயர்ப்பாளன்; பொறியாளன் அல்லேன். அதிர்வை அடக்குவதற்கான ஆங்கிலச் சொல் ஈரத்தைக் குறிக்கும் சொல்லோடு ஒட்டியிருந்தமையால், ஓர் அறிக்கையின் முதற்படியில் ‘மண்ணின் ஈரமாக்கம்’ என்று எழுதிவிட்டேன். படித்த பொறியாளர் சிரித்துவிட்டு, ஊஞ்சலைக் காட்டி விளக்கினார்: தள்ளுவதை நிறுத்தினால் ஊஞ்சல் சிறிது சிறிதாக அடங்குகிறதல்லவா, அதுவே ‘தணிப்பு’. அடங்குவதற்குள் அதன் தாளத்துக்கு இசையத் தள்ளிக்கொண்டே இருந்தாலோ, ஆட்டம் பெருகிக்கொண்டே போகும்.

நிலத்தூணுக்கு இவ்வில்லும் தணிப்பும் எவ்வளவு என்பதை 1974இல் கனடாவில் மிலோஷ் நோவாக் வகுத்துத் தந்தார். மண்ணை மெல்லிய அடுக்குகளாக எண்ணி, ஒவ்வோர் அடுக்கும் தூணுக்குத் தரும் பிடிப்பைக் கணக்கிட்டார். தூண்கள் கூட்டமாக நிற்கும்போது ஒன்றின் அலை மற்றொன்றின்மேல் மோதுவதால் கணக்கு மேலும் சிக்கலாகும்.

கணக்கு பொய்த்தால் என்னவாகும்? 1985 செப்டம்பர் 19 அன்று மெக்ஸிகோ நகரம் அதைக் கண்டது. நிலநடுக்கத்தின் மையம் ஏறத்தாழ 350 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. ஆயினும் பழைய ஏரிப் படுகையின் களிமண் ஏறக்குறைய இரண்டு நொடிக்கு ஒருமுறை அசைந்தாடி, அத்தாளத்துக்கு இசைந்த நடுத்தர உயரக் கட்டடங்களைப் பெரிதும் சாய்த்தது. நிலத்தூண்களின் மேல் நின்ற கட்டடங்களுள் சிலவும் தப்பவில்லை.

நம் நாட்டுச் சான்று குஜராத்தில் உள்ளது. 2001 ஜனவரி 26 அன்று புஜ் நிலநடுக்கத்தின்போது, காண்ட்லா துறைமுகத்துச் சுங்க அலுவலகக் கோபுரம் ஒருபுறம் சாய்ந்தது. 22 மீட்டர் உயரமுள்ள அக்கோபுரத்தை 32 நிலத்தூண்கள் தாங்கின. ஒவ்வொன்றும் 18 மீட்டர் நீளம். மேலே சுமார் 10 மீட்டர் களிமண். அதன் கீழே மணல். நீர் தோய்ந்த மணல் குலுங்கியதும் குழம்பாகி, தூண்களின் பிடி தளர்ந்தது. கோபுரம் முற்றிலும் வீழாமல் நின்றதற்கு, மேற்களிமண்ணின்மேல் படர்ந்திருந்த அடித்தளப் பலகை சுமையில் பங்கேற்றதே காரணம் என்று பின்னர் ஆராய்ந்தோர் கண்டனர். தூணைக் காட்டிலும் மண்ணே அன்று மானம் காத்தது எனலாம்.

தென்னாடும் முற்றிலும் அசையாத நாடன்று. 1900 பிப்ரவரி 8 அன்று கோயம்புத்தூர்ப் பகுதியில் எழுந்த நடுக்கம் தென்னிந்தியாவில் வெகுதூரம் உணரப்பட்டது. இவற்றையெல்லாம் கருத்தில் கொண்டு, இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த சீதாராமும் அன்பழகனும் பெங்களூரின் ஏறத்தாழ 220 சதுர கிலோமீட்டர் நிலப்பரப்பை ஆராயத் தலைப்பட்டனர். ஆய்வுமுறை எளிமையானது. தரையில் ஓர் இரும்புத் தகட்டை வைத்துக் கனத்த சம்மட்டியால் அடிப்பர். வரிசையாக நட்ட கருவிகள் அலை வரும் வேகத்தைக் குறிக்கும். அலை விரைந்து ஓடும் இடத்தில் நிலம் இறுகியது; மெல்லச் செல்லும் இடத்தில் நெகிழ்ந்தது. இப்படி 58 இடங்களில் அடித்துக் கேட்டனர். பழைய துளைக் கிணற்று மண் பதிவுகளையும் சேர்த்து, எங்கெங்கே மண் அதிர்வைப் பெருக்கும் என்று வரைபடம் தீட்டினர்.

அவ்வரைபடத்தை எதிரே வைத்துப் பார்க்கும்போது, ஒரே நகரில் இரு தெருக்களுக்கு இடையேகூட நிலத்தின் குணம் மாறுவது விளங்குகிறது. சம்மட்டியின் அடி பாறை மேலெழுந்த மேட்டில் விரைந்து ஓடும். தூர்ந்த படுகையின் சேற்றில் தயங்கித் தயங்கியே செல்லும்.