ஆர்பி26டிஇடிடி: ஸ்கைலைன் ஜிடி-ஆரின் இரட்டை டர்போ எஞ்சின்

ஆர்பி26டிஇடிடி, ஜப்பானின் நிசான் நிறுவனம் 1989 முதல் 2002 வரை ஸ்கைலைன் ஜிடி-ஆர் கார்களில் பொருத்திய பெட்ரோல் எஞ்சின். ஒரே வரிசையில் 6 சிலிண்டர், 24 வால்வு, 2,568 சி.சி., இரண்டு டர்போ. பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். ஆர்32, ஆர்33, ஆர்34 ஆகிய மூன்று தலைமுறை ஜிடி-ஆர்களும் இதில்தான் ஓடின.

ஜிடி-ஆர் என்ற பெயர் அதற்கு முன்பே இருந்தது. 1969இல் வந்த முதல் ஜிடி-ஆரில் எஸ்20 என்ற 1,989 சி.சி. எஞ்சின் 160 குதிரைத்திறன் தந்தது. அந்த வரிசை 1973இல் நின்றுபோனது. 16 ஆண்டு கழித்து நிசான் அந்தப் பெயரை மீண்டும் எடுத்ததற்குக் காரணம் பந்தயம். குரூப் ஏ என்ற அன்றைய கார்ப் பந்தய விதிப்படி, டர்போ பொருத்திய எஞ்சினின் கொள்ளளவை 1.7ஆல் பெருக்கி அதற்கேற்ற பிரிவில் சேர்ப்பார்கள். காரின் குறைந்தபட்ச எடையும் டயரின் அகலமும் அந்தப் பிரிவைப் பொறுத்தவை. 2,568ஐ 1.7ஆல் பெருக்கினால் சுமார் 4,366. அதாவது 4,500 சி.சி. பிரிவுக்குள் கச்சிதமாக அடங்கும். இந்த எஞ்சினின் அளவைத் தீர்மானித்தது சாலையில் ஓட்டுகிறவரின் தேவை அல்ல, விதிப் புத்தகம். பிற்காலத்தில் உரிமையாளர்களுக்கு வந்த நன்மை, தொல்லை இரண்டுக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது.

விற்பனைக்கு வந்தபோது நிசான் அறிவித்த திறன் 6,800 சுழற்சியில் 280 குதிரைத்திறன். அதற்கு மேல் எந்தக் காரையும் விளம்பரப்படுத்துவதில்லை என்று ஜப்பானியக் கார் நிறுவனங்கள் தங்களுக்குள் எழுதாத உடன்பாடு வைத்திருந்தன. அதனால் 13 ஆண்டும் அந்த எண் அசையவே இல்லை. முறுக்குவிசை மட்டும் 353 நியூட்டன் மீட்டரில் தொடங்கி ஆர்34இல் 392க்கு ஏறியது. காகிதத்தில் இருந்ததைவிட எஞ்சின் கூடுதலாகவே தந்தது என்பது அதை அளந்து பார்த்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம்.

பந்தயத்தில் அது 500 குதிரைத்திறனைத் தாண்டியது. 1990 முதல் 1993 வரை ஜப்பான் டூரிங் கார் சாம்பியன்ஷிப்பின் 29 பந்தயங்களிலும் ஆர்32தான் ஜெயித்தது. ஆஸ்திரேலியாவின் பாதர்ஸ்ட் 1,000 கி.மீ. பந்தயத்தில் 1991, 1992 இரண்டு ஆண்டும் ஜிம் ரிச்சர்ட்ஸ், மார்க் ஸ்கைஃப் ஜோடி வென்றது. 1992இல் கொட்டும் மழையில் அவர்கள் கார் மோதி நின்றபின் பந்தயம் நிறுத்தப்பட்டது. முந்தைய சுற்றின் நிலவரப்படி அவர்களுக்கே வெற்றி. போட்டி நிறுவனங்களான ஃபோர்டு, ஹோல்டன் ரசிகர்கள் மேடையைப் பார்த்துக் கூச்சலிட, ரிச்சர்ட்ஸ் மைக்கிலேயே அவர்களைத் திட்டித் தீர்த்தார். ஜிடி-ஆருக்குக் காட்ஸில்லா என்ற பட்டப்பெயரும் ஆஸ்திரேலியர்கள் வைத்ததுதான்.

எஞ்சினின் உள்ளே வந்தால், இரண்டு டர்போக்களும் ஒரே அளவு. முன் மூன்று சிலிண்டருக்கு ஒன்று, பின் மூன்றுக்கு ஒன்று. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித் த்ராட்டில். மிதித்த உடனே எஞ்சின் எழும்புவதற்கு இது ஒரு காரணம். டர்போவின் வெளியேற்றப் பக்கச் சக்கரம் உலோகத்துக்குப் பதில் பீங்கானால் ஆனது என்பது இன்னொரு காரணம். எடை குறைவு, சீக்கிரம் சுழலும். ஆனால் பீங்கானுக்குப் பொறுமை குறைவு. பந்தயத்துக்கென 1990இல் 560 மட்டும் கட்டப்பட்ட நிஸ்மோ (நிசானின் பந்தயப் பிரிவு) ரகக் கார்களில் நிசானே உலோகச் சக்கரத்துக்கு மாறிக்கொண்டது.

சாலைக் காரில் டர்போ அழுத்தம் சுமார் 0.7 பார். அதைக் கட்டுப்படுத்தும் ரப்பர் குழாய்க்குள் மஞ்சள் பூச்சுள்ள ஒரு சிறு துண்டு இருக்கும். நடுவே மெல்லிய துளை. அதை உருவி எறிந்தால் அழுத்தம் 1 பாரை நெருங்கும். செலவே இல்லாத இந்த வேலையைச் செய்யாத ஜிடி-ஆர் உரிமையாளர் அரிது. அதோடு நிறுத்தினால் பிழைக்கலாம். அதற்கு மேலும் ஏற்றினால் பீங்கான் சக்கரம் தண்டிலிருந்து பிய்த்துக்கொள்ளும். சிதறிய துகள் சிலிண்டர் பக்கம் திரும்பிவிட்டால் எஞ்சினை முழுதாகப் பிரிக்க வேண்டியதுதான்.

பிளாக்கின் வலுவைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். மெக்கானிக்குகள் கவலைப்படுவது ஆயிலைப் பற்றி. நீண்ட நேரம் உயர் சுழற்சியில் ஓட்டினால் ஹெட்டுக்கு ஏறிய ஆயில் வேகமாக இறங்கி வராது. சம்ப்பில் மட்டம் குறையும், பம்ப் காற்றை உறிஞ்சும், பேரிங் தேய்ந்துவிடும். தொடக்கக் கால ஆர்32களில் ஆயில் பம்ப்பைச் சுழற்றும் கிராங்க் முனை குறுகலானது; பற்சக்கரத்தை அது போதுமான அகலத்துக்குப் பிடிக்காது. சுழற்சி வரம்பைத் திரும்பத் திரும்பத் தொட்டால் பற்சக்கரம் விரிசல் விடும். நிசான் பிறகு அந்த முனையை அகலப்படுத்தியது. பழைய எஞ்சினைப் பிரிக்கிறவர்கள் அங்கே ஒரு வளையம் சேர்த்துச் சரிசெய்கிறார்கள். நான்கு சக்கர இயக்கத்துக்கான முன் டிஃபரன்ஷியல் சம்ப்போடு சேர்ந்தே இருப்பதால் சம்ப்பைக் கழற்றுவதும் லேசுப்பட்ட வேலை இல்லை. பம்ப் மாற்ற எஞ்சினையே வெளியே எடுப்பவர்கள் பலர்.

வழக்கமான பராமரிப்பில் மர்மம் ஒன்றுமில்லை. ஓட்டும் விதத்தைப் பார்த்து நல்ல செயற்கை ஆயிலை 5,000 கி.மீ.க்குள் மாற்றிவிடுவது உரிமையாளர்களின் பழக்கம். டைமிங் பெல்ட்டை 1,00,000 கி.மீ.யில் மாற்ற வேண்டும். டென்ஷனரையும் வாட்டர் பம்ப்பையும் அதே சமயம் பார்த்துவிடுவது புத்திசாலித்தனம். வாட்டர் பம்ப் முன்னால் இருக்கிறது. 6ஆவது சிலிண்டர் கடைசியில் சூடேறி நிற்கிறது. எனவே கூலன்ட் விஷயத்தில் சிக்கனம் கூடாது. அழுத்தத்தை ஏற்றியவர்கள் ஸ்பார்க் பிளக்கின் இடைவெளியை 1.1 மி.மீ.யிலிருந்து 0.8 மி.மீ. அளவுக்குக் குறைப்பார்கள், இல்லாவிட்டால் முழு வேகத்தில் பொறி தவறும். கேம்களுக்கு நடுவே மூடிக்குக் கீழே வெந்துகொண்டிருக்கும் இக்னிஷன் காயில்களும், காற்றின் அளவைக் காட்டும் இரண்டு சென்சார்களின் பற்றாசு இணைப்புகளும் வயதானால் மக்கர் செய்யும். கடுமையாக ஓட்டிவிட்டு வந்ததும் சாவியைத் திருப்பி அணைக்காமல் ஓரிரு நிமிடம் ஓடவிட வேண்டும். இல்லாவிட்டால் சூடான டர்போவில் நின்ற ஆயில் கருகிப்போகும். ஜப்பானில் இதற்கென்றே டர்போ டைமர் விற்றார்கள்.

2002 ஆகஸ்டில், கடுமையான புகை விதிகளுக்கு ஈடுகொடுக்க முடியாமல் ஆர்34 நின்றது. எஞ்சினும் அதோடு நின்றது. அடுத்த ஜிடி-ஆர் 2007இல் 3.8 லிட்டர் வி6 எஞ்சினுடன் வந்தது. 25 ஆண்டு கடந்த கார்களை அமெரிக்கா இறக்குமதி செய்ய அனுமதிப்பதால் 2014 முதல் ஆர்32களும் பின்னர் மற்றவையும் அங்கே போகத் தொடங்கின; விலை எகிறியது. 2017 முதல் நிசானும் நிஸ்மோவும் பழைய ஜிடி-ஆர்களுக்கான பாகங்களைத் திரும்பச் செய்து விற்கின்றன. இப்போது விற்பனைக்கு வரும் கார் பல ஆண்டு கொட்டகையில் நின்றதாக இருக்கலாம். மீட்டரில் 40,000 கி.மீ. காட்டினாலும் பெல்ட்டும் வெற்றிடக் குழாய்களும் ஆயில் சீல்களும் காருக்கு உள்ள வயதை எட்டியிருக்கும். வாங்குபவர்கள் ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே இவற்றை மாற்றிவிடுகிறார்கள்.